கணக்குப்பிள்ளையின் வாரிசு: விடுதலைக்குப் பிந்தைய தமிழகத்தில் கிராமப் பதவி நியமனம்

கேள்வி எழும் இடம்

திருநீர்மலை 2021 நவம்பரில் பேரூராட்சி என்ற நிலையை இழந்து தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஊர், இன்று மனைப்பிரிவுகள் நெருங்கிய புறநகர். ஆனாலும் நிலம் என்று வந்துவிட்டால் அது இன்னும் ஒரு வருவாய்க் கிராமம்தான். பட்டா மாறுதலுக்கான விசாரணை, வாரிசுச் சான்றுக்கான அறிக்கை, ஏரிப் புறம்போக்கில் கட்டடம் எழும்பினால் அதற்கான பி மெமோ ஆகியவற்றில் முதல் எழுத்து கிராம நிர்வாக அலுவலருடையது. அவர் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வை எழுதி, இடஒதுக்கீட்டு முறைப்படி தேர்வாகி, வேறு ஊரிலிருந்து மாறுதலில் வந்தவராக இருப்பார். பெண்ணாக இருந்தாலும் ஊரார் வியப்பதில்லை. ஆனால் பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தமிழகக் கிராமங்களில் 1980 நவம்பர் 14-க்கு முன் இப்படியோர் அலுவலர் இல்லை. அந்த நாற்காலியில் கணக்குப்பிள்ளையும் கிராம முன்சீப்பும் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வந்தது குடும்ப வழியில்.

புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு தன் அலுவலர்களை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுத்தது என்ற கேள்வி பெரும்பாலும் தில்லித் தலைமைச் செயலகத்தையும் மாவட்ட ஆட்சியர் பங்களாவையும் பார்த்துத்தான் கேட்கப்பட்டுள்ளது. அதே கேள்வியைக் கிராமச் சாவடியைப் பார்த்துக் கேட்டால் கிடைக்கும் விடை வேறு. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்கு இந்தியாவுக்கே முன்னோடி என்று பெயர் பெற்ற சென்னை மாகாணத்தில், குடியானவர் அன்றாடம் எதிர்கொண்ட அரசுப் பதவி மட்டும் அந்தப் பிரதிநிதித்துவத்துக்கு வெளியே நின்றது. நிர்வாகத்தில் சமூகநீதி என்பதற்குத் தமிழக வரலாறு 1927-ஐயும் 1951-ஐயும் நினைவு வைத்திருக்கிறது. கிராம அளவில் அந்த நீதி நடைமுறைக்கு வந்த ஆண்டு 1980 என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை எழுதப்பட்ட வரலாறுகள்

இத்துறையில் மூன்று வகை எழுத்துகள் உள்ளன. மூன்றும் ஒன்றையொன்று அதிகம் சந்தித்துக்கொண்டதில்லை. முதல் வகை, ஐ.சி.எஸ். ஐ.ஏ.எஸ். ஆன கதை. 1946 அக்டோபரில் மாகாணப் பிரதமர்களின் மாநாட்டைக் கூட்டி, புதிய அகில இந்தியப் பணிகளுக்கு வல்லபபாய் படேல் ஒப்புதல் பெற்றார். 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில், பழைய ஐ.சி.எஸ். அலுவலர்களுக்கு அளித்த உறுதிமொழியைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் கடுமையாக வாதாடினார். அவ்வலுவலர்களின் ஊதியத்தையும் உரிமைகளையும் காக்க 314 என்று ஒரு பிரிவே அரசியலமைப்பில் எழுதப்பட்டு, 1972 வரை நீடித்தது. சில நூறு பேருக்காகத் தனிப் பிரிவு எழுதிய அதே ஆவணம், லட்சக்கணக்கான கிராமங்களின் கணக்கரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கச் சொல்லும் 40-ஆவது பிரிவும், கிராமத்தில் ஏற்கெனவே அமர்ந்திருந்த வருவாய் அலுவலரைப் பார்க்காமல் கடந்துபோகிறது.

இரண்டாவது வகை, தமிழ் வாசகர் நன்கறிந்த வகுப்புவாரி ஆணையின் கதை. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் முதல் ஆணை பிறந்தது. சுப்பராயன் அமைச்சரவையில் எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் 1927 நவம்பரில் வந்த ஆணைதான் நடைமுறையில் நிலைத்தது. பன்னிரண்டு நியமனங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், கிறித்தவர்–ஆங்கிலோ இந்தியர் ஆகியோருக்குத் தலா 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று அது சுழற்சியை வகுத்தது. 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் சுழற்சி பதினான்காக விரிந்து, பின்தங்கிய இந்துக்களுக்கு முதன்முறையாகத் தனியே 2 இடங்கள் கிடைத்தன. 1929-இலேயே தனக்கென ஒரு பணித் தேர்வாணையத்தைச் சட்டமியற்றி அமைத்த மாகாணமும் இதுவே. இந்த வரலாற்றின் பெருமை உண்மையானது. ஆனால் எந்தப் பதவிகளுக்கு இந்தச் சுழற்சி பொருந்தியது, எவற்றுக்குப் பொருந்தவில்லை என்பதை இவ்வகை நூல்கள் போதிய அளவு கேட்கவில்லை.

மூன்றாவது வகை கிராமத்தைப் பற்றியது. திருநீர்மலை அடங்கிய செங்கற்பட்டுப் பகுதிக்கு இதில் நல்வாய்ப்பு உண்டு. தென்னிந்தியக் கிராம நிர்வாகம் பற்றி இந்த மாவட்டத்தை வைத்தே பல ஆய்வுகள் நடந்துள்ளன. தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவீட்டின் வழியே ஏறக்குறைய 2,000 ஊர்களின் கணக்குகள் நமக்குக் கிடைத்தன. தரம்பால் அவற்றைக் கொண்டு, கணக்குப்பிள்ளை முதல் வெட்டியான் வரை எல்லோருக்கும் விளைச்சலில் பங்களித்த ஒரு தன்னாட்சி ஊரைக் கண்டார். எதிர்த்திசையில், குண்டூர் மாவட்டத்தை ஆராய்ந்த ராபர்ட் ஃபிரைகன்பர்க், கம்பெனி அரசின் ஆணைகளை உள்ளூர் அலுவலர்கள் எப்படிச் செல்லாக்காசாக்கினார்கள் என்று காட்டினார். செங்கற்பட்டையே களமாகக் கொண்ட ரூபா விஸ்வநாத், மிராசுதாரும் கீழ்நிலை அலுவலரும் ஒரே சமூக அடுக்கைச் சேர்ந்தவர்களாக இருந்ததால் தலித் மக்களுக்கு ஆதரவான ஆணைகள் ஊர் எல்லையில் நின்றுபோனதை விரிவாக ஆராய்ந்தார். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் காலனியக் காலத்தோடு நிற்கின்றன. 1947-க்குப் பின் அந்த அலுவலர் என்னவானார் என்பதை நீதிமன்றத் தீர்ப்புகளிலும் சட்டங்களிலும்தான் தேட வேண்டியிருக்கிறது.

பரம்பரையைச் சட்டமாக்கிய அரசு

கணக்குப்பிள்ளை பதவி வழிவழியாக வந்தது பழைய வழக்கம் என்பது பாதி உண்மை. அந்த வழக்கத்தை மீற முடியாத விதியாக்கியது நவீன அரசு. 1895-ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டமான சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், கிராம முன்சீப், கணக்குப்பிள்ளை, நீர்கண்டி, வெட்டியான் உள்ளிட்ட பதவிகளுக்கு வாரிசு முறையை வகுத்தது. பாகம் பிரிக்க முடியாத ஜமீன்களில் மூத்த வாரிசு பட்டத்துக்கு வரும் முறையே இப்பதவிகளுக்கும் பொருந்தும் என்றது. வாரிசு மைனராக இருந்தால் அவர் பெயரை வாரிசாகப் பதிந்துகொண்டு, அவர் தகுதி பெறும்வரை வேறொருவரை வேலை பார்க்கச் சொன்னது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பெயர் ஓர் அரசுப் பதவிக்கு உரியவராக ஏட்டில் ஏறலாம். அதே ஊரில் படித்துத் தேறிய வேறு குடும்பத்துப் பிள்ளை விண்ணப்பம்கூடப் போட முடியாது. வகுப்புவாரி ஆணை இங்கே நுழைய வழியில்லாமற் போனதன் காரணமும் இதுவே. தேர்வு நடந்தால்தான் சுழற்சி இயங்கும். அடுத்தவர் யார் என்பதைச் சட்டமே குடும்ப மரத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால், சுழற்ற எதுவும் மிஞ்சுவதில்லை.

இப்பதவிகளின் அதிகாரத்தைச் சம்பளத்தை வைத்து மதிப்பிட்டால் தவறாகிவிடும். சாகுபடியை அடங்கலில் எழுதுவதும், சிட்டாவைப் பராமரிப்பதும், ஜூன் மாதத்தோடு முடியும் பசலி ஆண்டின் கணக்கை ஜமாபந்தியில் முன்வைப்பதும் கணக்குப்பிள்ளையின் வேலைகள். எந்த வயலில் யார் உழுகிறார் என்பதற்கு அவர் எழுதியதே சாட்சி. குத்தகைதாரரின் பெயரை அவர் எழுதாமல் விட்டால், குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அந்த வயலை எட்டாது. கிராம முன்சீப்புக்கோ வரிவசூலோடு காவல் அதிகாரமும் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரமும் இருந்தன. 1816-ஆம் ஆண்டின் பதினோராவது ஒழுங்குவிதி, வசைச்சொல், சிறு கைகலப்பு போன்ற அற்பக் குற்றங்களுக்குச் சில மணி நேரம் அடைத்துவைக்கும் உரிமையை ஊர்த்தலைவருக்கு அளித்தது. குற்றம் செய்தவர் ‘கீழ்ச்சாதி’யைச் சேர்ந்தவரானால் தொழுமரத்தில் மாட்டிவைக்கலாம் என்றும் அது வெளிப்படையாகவே சொன்னது. இப்பதவியின் சட்டத் தோற்றத்திலேயே சாதி எழுதப்பட்டிருந்தது.

செங்கற்பட்டு மாவட்டத்தில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமன்ஹீர் 1891-இல் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதன் வழி வந்தது. அந்நிலங்களில் கணிசமானவை பிறர் கைக்குப் போயின. அவற்றை மீட்கும் போராட்டத்தின்போது 1994 அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். நிலம் கைமாறியதற்கு வறுமை, கடன், மிரட்டல் எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் எந்தக் கைமாற்றமும் கிராமக் கணக்கில் ஏறாமல் நிலைக்காது. தாழ்த்தப்பட்டோர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை மேலே வகுத்த அரசு, அதைக் கண்காணிக்கும் ஏட்டை ஊரின் ஆதிக்கக் குடும்பங்களின் கையில் வாரிசுரிமையாகக் கொடுத்துவைத்திருந்தது. ஆணை தோற்றதற்கு நியமன முறையும் காரணம் என்று கருத இது போதுமான ஆதாரம்.

இரண்டு முன்சீப்கள், இரண்டு தீர்ப்புகள்

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, பொது நியமனம் பற்றிச் சென்னை மாகாண விதிகளிலிருந்து எழுந்த இரு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1949 டிசம்பரில் மாகாணத் தேர்வாணையம் மாவட்ட முன்சீப் பதவிகளுக்கு விண்ணப்பம் கோரியது. மொத்தம் 83 இடங்கள்: அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவர்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11. பி. வெங்கடரமணா என்ற விண்ணப்பதாரர் உச்ச நீதிமன்றத்துக்கே நேரடியாகச் சென்றார். 1951 ஏப்ரல் 9 அன்று, கல்வியில் வகுப்புவாரி ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்பு வந்த அதே நாளில், இதிலும் தீர்ப்பு வந்தது. அரிசனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்குமான ஒதுக்கீடு அரசியலமைப்பின் 16(4) பிரிவின்படி செல்லும். மற்ற வகுப்புகளுக்கான பங்கீடு செல்லாது என்பது முடிவு. கல்வியில் வகுப்புவாரி ஆணை முழுதுமாக வீழ்ந்தது போலவே வேலையிலும் வீழ்ந்தது என்று மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அது சரியன்று. வேலைவாய்ப்பில் பின்தங்கியோருக்கான இடம் அன்றே காப்பாற்றப்பட்டது. கல்வியில் அந்தப் பாதுகாப்பைப் பெறத்தான் முதல் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டியிருந்தது.

இரண்டாவது வழக்கு கிராம முன்சீப் பதவி பற்றியது. அன்று ஆந்திரத்துக்குப் போய்விட்ட குண்டூர் மாவட்டத்திலிருந்து வந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட ஒரு வருவாய்க் கிராமத்தில் கஜுல தசரதராம ராவ் முன்சீப்பாக நியமிக்கப்பட்டார். பழைய பதவியாளரின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொருவர், 1895 சட்டத்தின் 6(1) பிரிவைக் காட்டி அதைப் பறித்தார். கிராமங்களைப் பிரித்தாலோ சேர்த்தாலோ உருவாகும் பதவிகளையும் முந்தைய பதவியாளர் குடும்பங்களிலிருந்தே நிரப்ப வேண்டும் என்பது அப்பிரிவு. 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கிராம முன்சீப் பதவி அரசின் கீழுள்ள பதவியே. அதை வம்சாவளியை வைத்து வழங்குவது 16(2) பிரிவுக்கு எதிரானது என்றது. மதம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் குறிப்பிடும் 15-ஆவது பிரிவில் வம்சாவளி இல்லை. அரசு வேலை பற்றிய 16-இல் மட்டும் அது சேர்க்கப்பட்டுள்ளது. பதவி குடும்பச் சொத்தாகும் ஆபத்தை அரசியலமைப்பை வகுத்தோர் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரு தீர்ப்புகளுக்கும் இடையே ஏறக்குறைய பத்தாண்டு இடைவெளி. மாவட்ட முன்சீப் பதவியில் பிராமணருக்கும் பிராமணரல்லாதாருக்கும் பங்கு பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று குடியரசின் பதினைந்தாவது மாதத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கிராம முன்சீப் பதவியைப் பரம்பரையாக வைத்திருப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லப் பதினோராவது ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாரும் வழக்குப் போடவில்லை என்பது இதற்கு நேரான விளக்கம். சட்டம் படித்த பட்டதாரி உச்ச நீதிமன்றம் போவதும், ஏரிக்கரைக் குடியானவர் தன் ஊர்க் கணக்குப்பிள்ளையின் வாரிசை எதிர்த்து அங்கே போவதும் ஒன்றல்ல. ஆனால் அரசுக்கு வழக்குத் தேவையில்லை. ஒரு சட்டத்திருத்தம் போதும். மைசூர் மாநிலம் 1961-இலேயே கிராமப் பதவிகளை ஒழிக்கச் சட்டமியற்றியது. இலங்கையில் கிராம விதானை முறை 1963-இல் ஒழிக்கப்பட்டு, அரசே நியமித்து மாற்றல் செய்யும் கிராம சேவகர் வந்தார். தமிழகம் தாமதித்தது தவிர்க்க முடியாத விதியால் அன்று.

1968 முதல் 1980 வரை

1968-இல்தான் பரம்பரைச் சட்டம் இங்கே நீக்கப்பட்டது. 1970-இல் கிராம அலுவலர் பணி விதிகள் வகுக்கப்பட்டுக் கல்வித் தகுதி நிர்ணயமானது. இவற்றைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. வாரிசுரிமை என்ற கோரிக்கை சட்டப்படி அன்றே முடிந்தது. ஆனால் பதவி பகுதிநேரமாகவே தொடர்ந்தது. பதவியில் இருந்தவர்களும் பெரும்பாலும் தொடர்ந்தார்கள். சொற்ப ஊதியத்துக்குப் பகுதிநேரமாக, சொந்த ஊரிலேயே பார்க்கும் வேலையை யார் ஏற்க முடியும்? நிலமும் வீடும் செல்வாக்கும் உள்ளவர்தான். சட்டத்தில் மூடிய கதவைப் பணி நிபந்தனை திறந்தே வைத்திருந்தது. நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 1973-இல் முழுநேர, மாற்றலுக்குட்பட்ட அலுவலர்களைப் பரிந்துரைத்தது இந்த முட்டுக்கட்டையை உணர்ந்துதான்.

எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டம் பிறப்பித்து, 14-ஆம் தேதி முதல் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. 1981-இல் அது சட்டமானது. கிராம நிர்வாக அலுவலர் என்ற முழுநேரப் பதவி தேர்வாணையத்தின் வழியே நிரப்பப்படலாயிற்று. இதே 1980-இன் பிப்ரவரியில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-லிருந்து 50 விழுக்காடாக உயர்ந்திருந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 18 சேர்ந்து மொத்தம் 68. இவ்விரு முடிவுகளையும் தனித்தனி அத்தியாயங்களில் படிப்பது நம் வழக்கம். சேர்த்துப் படித்தால், ஊருக்கு ஊர் ஒரு குடும்பத்திடம் இருந்த ஆயிரக்கணக்கான இருக்கைகள் ஒரே ஆண்டில் பொதுத் தேர்வுக்கும் 68 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கும் உட்பட்டன என்பது புலப்படும். 1927 ஆணையின் தத்துவம் ஊர்க்கணக்கைத் தொட 53 ஆண்டுகள் பிடித்தன. 1989-இல் வந்த பெண்களுக்கான 30 விழுக்காடு ஒதுக்கீடு, மூத்த வாரிசு முறையில் நினைத்துப் பார்க்கவே முடியாத ஒன்றை இப்பதவியில் இயல்பாக்கியது.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவை வலுவானவை. முதலாவது, மனிதர்களைப் பற்றியது. பல ஆண்டுகள் பணிபுரிந்தவர்கள் ஒரே நாளில் பதவியிழந்தார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை. இது அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவின் பாதுகாப்பை மீறியது என்பதே, இச்சட்டத்தை எதிர்த்த கே. ராஜேந்திரன் வழக்கின் சாரம். பதவியை ஒழிப்பது வேறு, பதவியாளரைத் தண்டனையாக நீக்குவது வேறு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. கல்வித் தகுதி உள்ளவர்களைப் புதிய பதவிக்குப் பரிசீலிப்பதாகவும் மற்றவர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் அரசு கொடுத்த உறுதிமொழியையும் பதிவுசெய்தது. சட்டம் அதோடு திருப்தியடையலாம். ஆனால் நீதிமன்றம் வரை போன பிறகே இந்த ஏற்பாடு உருப்பெற்றது அரசின் குறைதான். அறிவிப்பும் மறுநியமன வழியும் அவசரச் சட்டத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஆந்திரத்தில் என்.டி. ராமராவ் அரசும் 1984-இல் பகுதிநேரப் பதவிகளை இப்படியே ஒழித்தது.

இரண்டாவது மறுப்பு அறிவைப் பற்றியது. தரம்பால் வழியினர் இதை அழுத்தமாகச் சொல்வார்கள். எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது, எந்த அளவுக்கல் பெயர்ந்தது, எந்தப் பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்தது என்பதெல்லாம் பரம்பரைக் கணக்குப்பிள்ளையின் நினைவில் இருந்தன. தேர்வெழுதி வந்தவருக்கு அவை தெரியா. உண்மை. ஆனால் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டிய செய்தி ஒரு குடும்பத்தின் நினைவில் இருந்ததுதான் அக்குடும்பத்தின் அதிகாரம். அந்த நினைவைக் கேட்டுப் பெற ஊரார் கொடுத்த விலையை இந்த மறுப்பு கணக்கில் எடுப்பதில்லை. பர்னார்டு காலத்து ஊரில் வெட்டியானுக்கும் பங்கு இருந்தது என்பதாலேயே அந்த ஏட்டைப் படிக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்றாகிவிடாது.

மூன்றாவது மறுப்பு இன்று அதிகம் கேட்பது: கிராம நிர்வாக அலுவலர்கள் மட்டும் லஞ்சம் வாங்குவதில்லையா? வாங்குகிறார்கள், லஞ்ச ஒழிப்புத் துறையின் கைது நடவடிக்கைகள் செய்தித்தாள்களில் தொடர்ந்து வருகின்றன. நிலமதிப்பு ஏறிய சென்னையின் தென்புறநகரில் சபலமும் அதற்கேற்பப் பெரிது. பொதுத் தேர்வு நேர்மையைப் பிறப்பிக்கும் என்பது என் வாதமன்று. தவறு செய்தவரைப் பணியிடை நீக்கம் செய்யலாம், மாற்றலாம், அவர் இடத்துக்கு இன்னொருவரைத் தேர்வு வழியே கொண்டுவரலாம் என்பதுதான் வேறுபாடு. ஊரின் ஆதிக்கக் குடும்பங்களோடு உறவில்லாத ஒருவருக்கே சில வேளைகளில் அவற்றை எதிர்க்கும் துணிவு வாய்க்கும். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகாரளித்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ஒரு நிகழ்வு முறையை நிரூபிக்காது. ஆனால் அப்பதவியில் உள்ளவர் உள்ளூர் வலுவோடு மோத நேரும்போது அரசு அவருக்கு என்ன பாதுகாப்பு தருகிறது என்ற கேள்வியை அது எழுப்பியது. நிறைவான விடை இன்னும் வரவில்லை.

1980 நடவடிக்கை எம்.ஜி.ஆரின் அரசியல் கணக்கு என்று சொல்வாரும் உண்டு. இருக்கலாம். தி.மு.க. ஆட்சிக்காலத்தில் வந்த 1973 பரிந்துரையும் இதே திசையில் இருந்ததால், ஒரு கட்சியின் தந்திரமாக மட்டும் இதைச் சுருக்க முடியாது.

விடுபட்டவர்கள்

என் வாதத்துக்கு நானே வைக்க வேண்டிய எல்லை ஒன்று உண்டு. 1981 சட்டம் பகுதிநேரக் கிராம அலுவலர் என்பதை வரையறுக்கும்போது கிராமக் காவலர், கிராமப் பணியாளர், பாசனக் காவலர் ஆகிய மூவரையும் வெளியே விட்டது. தலையாரி, வெட்டியான், நீர்கண்டி ஆகியோரின் புதிய பெயர்கள் அவை. 1895 சட்டத்தில் கணக்குப்பிள்ளையோடு வெட்டியானின் பதவியும் பரம்பரையாகவே இருந்தது. ஆனால் முன்னவருக்கு வம்சாவளி சொத்தாக இருந்தபோது, பின்னவருக்கு அது பெரும்பாலும் தலித் குடும்பங்களின் தலைமேல் விழுந்த ஊழியம். பரம்பரையின் சலுகையை ஒழித்த சட்டம் அதன் சுமையைத் தொடவில்லை. இன்று அவர்கள் கிராம உதவியாளர்கள். தேர்வாணையம் அவர்களைத் தேர்ந்தெடுப்பதில்லை. வட்ட அளவில் நியமனம் நடக்கிறது. மற்ற அரசு ஊழியருக்குரிய காலமுறை ஊதியம் அவர்களுக்கில்லை. அதற்காக அவர்களின் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிவருகின்றன. திருநீர்மலை போன்ற மாநகராட்சிப் பகுதியிலும், ஏரிப் புறம்போக்கை அளக்கப் போகும் கிராம நிர்வாக அலுவலரோடு சங்கிலி பிடிக்கப் போகிறவர் இந்த உதவியாளர்தான். வருவாய்த் துறை, இப்பணியில் இன்றிருப்போரில் எத்தனை பேர் பழைய ஊழியக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை வட்டவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இந்நியமனத்தையும் காலமுறை ஊதியத்தோடு தேர்வாணையத்தின் கீழ் கொண்டுவர வேண்டும்.